செல்லபாய் அக்கா நடந்த பத்து மீட்டர்

செல்லபாய் அக்காவைப் பத்திச் சொல்ல உக்காந்தா எனக்கு மொதல்ல வாரது அழுகை இல்ல, கோவம். யாரு மேலன்னு கேட்டா வரிசை பெருசு. அவளைத் தொங்கப் போட்ட மெஷின் மேல. அவ மூஞ்சியைப் பாக்காம கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு நின்ன டாக்டர் மேல. அவ பெத்து வளத்த மகன் மகேஷ்குமார் மேல. என் மேலயும் உண்டு, பதிமூணு நாளு வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல நின்னதுக்கு.

நான் இசக்கி. எனக்கு வள்ளியூர்ப் பக்கம், அக்காவுக்குக் கருங்கல் பக்கம். ரெண்டு பேரும் திருவனந்தபுரத்துக்குப் பொழைக்க வந்தவங்க. எனக்கு ரொம்ப முந்தியே அவ வந்துட்டா. இருபத்தஞ்சு வயசுல, இடுப்புல மூணு வயசுப் பிள்ளையோட தம்பானூர்ல ரயிலை விட்டு எறங்கினவ. புருஷன் எங்கன்னு அவளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. மறுநாளே வேலைக்குப் போயிட்டா. மைக்காட்டு வேலை. கட்டட வேலையில சித்தாளுக்கு இந்த ஊர்ல அதுதான் பேரு. கல்லு, மணலு, ஜல்லி, காங்கிரீட் கலவை எல்லாத்தையும் சட்டியில அள்ளித் தலையில வச்சு மேல கொண்டு போறது. முப்பத்தெட்டு வருஷம் அதைச் செஞ்சா. மூணு வருஷத்துக்கு முன்னால மகன், "போதும்மா, என் ஆபீஸ்காரங்க யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க"ன்னு ஒத்தக் கால்ல நின்னதாலதான் விட்டா. அவன் விழிஞ்ஞம் துறைமுகத்துல ஒரு கம்பெனி ஆபீஸ்ல வேலை பாக்கான். கழுத்துல அட்டை மாட்டுற வேலை.

எங்க வேலையில ஒரு வழமை உண்டு. சட்டியைக் கீழ ஒருத்தி ஏத்தி விடணும், மேல ஒருத்தி எறக்கணும். சுமக்கிறவ "புடி"ன்னு சொல்லாம அவ சட்டியில எவளும் கை வைக்கக் கூடாது. மேஸ்திரியே ஆனாலும் வைக்க மாட்டான். சொல்லாம வச்சா சுமக்கிறவ கழுத்து திரும்பிப் போவும், சாரத்துல நிக்கவளா இருந்தா ஆளே கீழ போயிருவா. அக்கா லேசுல யாரையும் பாத்துப் "புடி" சொல்ல மாட்டா. கை நிதானம் இருக்கான்னு பாப்பா, மனசு இங்கன இருக்கான்னு பாப்பா. இருபத்தாறு வருஷம் என்னைப் பாத்துத்தான் சொன்னா.

இன்னொண்ணும் சொல்லணும். அதைச் சொல்லலேன்னா பின்னால நடந்தது புரியாது. அக்கா நெறஞ்ச சட்டியோட நாலு மாடி ஏறுவா, சட்டியில ஒரு சொட்டு ததும்பாது, கால் பக்கம் குனிஞ்சே பாக்க மாட்டா. எறங்கும்போதுதான் வம்பு. வெறுஞ்சட்டியைக் கையில தொங்கவிட்டுக்கிட்டு வந்தா பலகையில இடறுவா, படியில தட்டுவா. நாங்க சிரிப்போம். "யக்கா, ரெண்டு செங்கல்லைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு எறங்கு"ம்போம். அவளும் சிரிப்பா. "ஏட்டி, தலையில கனம் இல்லேன்னா எனக்குக் கால் எங்க கெடக்குன்னே தெரியலட்டி"ம்பா. ரேஷன் கடைக்குப் போனாலும் பை தலையிலதான். பை இல்லேன்னா குடையை மடக்கித் தலையில வச்சுக்கிட்டுப் போவா. ரோட்டுல போறவன் பாத்துச் சிரிச்சா, "போலே, உன் சோலியைப் பாத்துக்கிட்டு"ன்னு ஒரு வெரட்டு வெரட்டுவா.

வட்டியூர்க்காவு பக்கம் குன்னுச் சரிவுல அவளுக்கு ஒரு வீடு. ரெண்டே ரூம்பு. ரோட்டுல இருந்து முப்பத்தோரு படி. ஒவ்வொரு படியும் வேலைக்காட்டுல மிஞ்சின கல்லைக் கேட்டு வாங்கி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அவளே சுமந்து போட்டது. கீழ ரோட்டோரத்துல என் வீடு. மகன் பேயாட்டுல ஃபிளாட் வாங்கிப் போயிட்டான். கூப்பிட்டான், இவ போகல. "ஏழாவது மாடியில என்னைக் கொண்டு வச்சு என்ன செய்யப் போறான்? என் வீட்டுல நான் சாவேன்"னுட்டா.

போன கர்க்கடகத்துல, அதாவது நம்ம ஆடி மாச மழையில ஒருநாள் காலையில வாதம் அடிச்சிருச்சு. பல்லு தேய்ச்சுக்கிட்டு நின்னவ அப்படியே இடது பக்கமாச் சரிஞ்சா. நாலு பேரு நாற்காலியில வச்சு அந்த முப்பத்தோரு படியும் எறக்கினோம். உயிரு தப்பிச்சு. பேச்சு நல்லா இருந்துச்சு, கையும் கொஞ்ச நாள்ல வந்துச்சு. இடது கால் மட்டும் வரல.

அப்பதான் மகன் ஒரு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிச்சான். வயசானவங்களை நடக்கப் பழக்குற எடம், மெஷின் வச்சு. பதினஞ்சு நாளு அங்கேயே தங்கணும். கடைசி நாளு பரீட்சை. யாரும் தாங்காம பத்து மீட்டர் நடந்து, மூலையில கிடக்குற அஞ்சு மரப்படியை ஏறி எறங்கிட்டா வீட்டுக்கு விடுவாங்க, பெறவு அப்பப்ப வந்து பழகிட்டுப் போகலாம். இல்லேன்னா வீல்சேர்னு எழுதிருவாங்க. வீல்சேர் முப்பத்தோரு படி ஏறாது. அவன் ஃபிளாட்டுல பகல்ல பாத்துக்க ஆளும் கிடையாது. அதனால மகன் நெடுமங்காடு ரோட்டுல வயசானவங்க ஹோம் ஒண்ணுல முன்கூட்டியே எடம் சொல்லி வச்சுட்டான். அதை அவகிட்ட நேராச் சொல்லத் தைரியம் இல்லாம என்கிட்டச் சொன்னான். "சித்தி, பக்குவமா நீங்களே அம்மாகிட்டச் சொல்லிருங்க"ன்னான். பக்குவமாம்! சொன்னேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. "அங்க போனா திரும்ப வர முடியாது, என்ன இசக்கி?"ன்னா.

மகனுக்கும் மருமகளுக்கும் ஆபீஸ். அதனால கூட நிக்கிறதுக்கு நான் போனேன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில அதுக்குப் பைஸ்டாண்டர்னு பேரு. தம்பானூர் லாட்ஜுல தூத்துப் பெருக்குற வேலைக்கு லீவு சொல்லிட்டு, பைஸ்டாண்டர் அட்டையை மாட்டிக்கிட்டு நின்னேன்.

அந்த மெஷினைப் பாக்கணுமே நீங்க! மேல ஒரு கம்பி. அதுல இருந்து நாலு பட்டை தொங்குது. அக்காவுக்கு மார்லயும் தொடையிலயும் பெல்ட்டைப் போட்டு, பட்டையில கொளுத்தி, துறைமுகத்துல சரக்குப் பெட்டியைத் தூக்குற மாதிரி தூக்கி நிறுத்துவாங்க. காலுக்கு வெளியே ரெண்டு இரும்புக் கால் உண்டு, அதோட அவ காலைக் கட்டிருவாங்க. கீழ ரப்பர் தரை ஓடும். சுவிட்சைப் போட்டா இரும்புக் கால் நடக்கும், அது இழுத்த இழுப்புக்கு அவ காலும் போவும். முன்னால டிவியில ஒரு பொம்மை நடக்கும், பக்கத்துல எத்தனை அடின்னு நம்பர் ஓடும்.

பழக்கி விடுற பிள்ளை பேரு ஷிஜி. மலையாளத்துப் பிள்ளை, இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். நல்ல பிள்ளைதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு நாளைக்குப் பதினாலு பேரு அவ தலையில. "அம்மச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. மெஷின் உங்க எடையில முப்பது சதவீதம் தாங்கும். நேரே நோக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்க ஓடிருவா.

மொத நாளே எண்ணூறு அடின்னு டிவியில வந்துச்சு. மகேஷ்குமார் சாயங்காலம் வந்து அதைப் போட்டோ எடுத்து, அம்மா நடக்குறாங்கன்னு போன்ல ஸ்டேட்டஸ் போட்டான். அவ எங்கடா நடந்தா? தொங்கிக்கிட்டுல்லா கெடந்தா! மெஷினை விட்டு எறக்கி ரெண்டு கம்பிக்கு நடுவுல நிறுத்தினா இடது முட்டி மடங்கிரும், பாதம் தரையில இழுக்கும், பாதி தூரத்துல உக்காந்துருவா.

நாலாம் நாளு நாப்பத்தஞ்சு சதவீதம் ஆக்கினாங்க. ஒம்பதாம் நாளு அறுபது. அவளுக்குத் தாங்க முடியல, அதனால மெஷின் இன்னும் தாங்கட்டும்ங்கிறது அவங்க கணக்கு. மெஷின் தாங்கத் தாங்க அக்கா மோசமாப் போனா. கம்பிக்கு நடுவுல முன்னயாவது அஞ்சடி வச்சா, இப்ப ரெண்டு அடிக்கே சரிஞ்சா. "ஏட்டி, கால் எங்க இருக்குன்னே தெரியலட்டி"ன்னு தினமும் சொன்னா. அதே வார்த்தை! வேலைக்காட்டுல இருபத்தாறு வருஷமா நான் கேட்ட வார்த்தை! என் மரமண்டைக்கு ஏறல. படிச்ச பிள்ளைங்க, பெரிய மெஷின், நமக்கு என்ன தெரியும்னு நின்னேன்.

பதிமூணாம் நாளு டாக்டர் வந்தாரு. மகனும் நின்னான். ரெண்டு பேரும் அவ தலைக்கு மேலாலயே மலையாளத்துல பேசிக்கிட்டாங்க. நாப்பத்தோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கவளுக்கு மலையாளம் தெரியாதுன்னு நினைப்பு போல. "அம்மைக்கு தால்பர்யமில்லா டாக்டர்"ங்கான் மகன். இஷ்டம் இல்லையாம்! அவளுக்கா? டாக்டர் தலையை ஆட்டிக்கிட்டு ஃபைல்ல ஒரு வரி எழுதினாரு. அக்கா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. ராவு அவ கஞ்சியைத் தொடவே இல்ல.

அன்னைக்கு ராவுதான் அவ வேலைக்காட்டுல சொன்ன வார்த்தை எனக்கு உறைச்சுது. மறுநாள் காலையில நான் ஷிஜியைப் பிடிச்சுக்கிட்டேன். "பிள்ளே, இவ முப்பத்தெட்டு வருஷம் தலைச்சுமை தூக்கினவ. இவளைத் தூக்கிக் காத்துல நிறுத்தினா எப்படி நடப்பா?"ன்னேன். அந்தப் பிள்ளை முழிச்சுது. "தலைச்சுமையா? அம்மச்சியா? ஃபார்ம்ல அப்படி இல்லையே சேச்சி"ன்னு ஃபைலைப் பிரிச்சு வாசிச்சுது. தொழில், ஹவுஸ் வைஃப். கனமான வேலை செய்ததுண்டா, இல்லை. கீழ மகன் கையெழுத்து.

எனக்கு மண்டை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஹவுஸ் வைஃபாம்! எந்த ஹவுஸ்? ஊர்ல இருக்க ஹவுஸ் பூராவும் தலையில ஏத்தினவளை எழுதி வச்சிருக்கான் பாருங்க, படிச்ச முண்டம்!

சாயங்காலம் அவன் வரட்டும்னு வாசல்லயே நின்னேன். வந்தான். "ஏம்ல, உங்கம்மை என்ன வேலை பாத்தான்னு உனக்குத் தெரியாது?"ன்னேன்.

"சித்தி, மெதுவா. எங்க மேனேஜரோட அப்பா உள்ள இருக்காரு."

"இருக்கட்டும். அதுக்கு?"

"மேனேஜர் சொல்லித்தான் இந்த எடமே கெடச்சுது. எல்லாரும் ஒரு மாதிரி நினைப்பாங்கன்னுதான் அப்படி எழுதினேன். ஒரு ஃபார்ம்தானே? அதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் கேக்கியோ? ஒன் வெக்கத்துக்குப் பயந்து அவ காலைப் பறிச்சுட்டியேடா! வெறுந்தலையோட அவளுக்கு எந்தக் காலத்துலடா நடக்கத் தெரிஞ்சுது? இவங்க அவ ஒடம்புல இருந்து இன்னும் கனத்தை எடுத்துக்கிட்டே போறாங்க. நாளைக்கு வீல்சேர்னு எழுதுவாங்க, நீ ஹோம்ல கொண்டு தள்ளிட்டுக் கையைத் தொடச்சுக்கிட்டுப் போவே. வெளங்குவியா நீ?"

வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும்னுதான் கத்தினேன். எனக்குப் பின்னால கதவு தொறந்து கெடந்ததை நான் கவனிக்கல. அக்கா வீல்சேர்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. மகனைக் கிட்ட வரச் சொன்னா.

"உன்னை நான் எந்த வீட்டுல இருந்துக்கிட்டு வளத்தேன் மக்கா?"ன்னு கேட்டா.

அவன் தலையைக் குனிஞ்சான். அவ சேரைத் திருப்பி உள்ள தள்ளச் சொன்னா.

பதினஞ்சாம் நாளு பரீட்சை. ஹால் நெறைய ஆளு. மகனோட மேனேஜர் தன் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருந்தாரு. தரையில பத்து மீட்டருக்கு மஞ்சள் டேப் ஒட்டியிருந்துச்சு. ஷிஜி டாக்டர்கிட்டத் தலைச்சுமை விஷயத்தைச் சொல்லிப் பாத்தா, அவரு வாச்சைக் காட்டினாரு. அக்காவை எழுப்பி நிறுத்தினாங்க. மூணாவது அடியில இடது கால் மடங்கிச்சு. ஷிஜி பிடிக்கலேன்னா மூஞ்சி ஒடைஞ்சிருக்கும். டாக்டர் பேனாவை எடுத்து, "வீல்சேர்"னு வாயால சொல்லிக்கிட்டே எழுதினாரு.

"இசக்கி"ன்னா அக்கா. "சும்மாடு சுத்துட்டி."

நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. தோள்ல கெடந்த துண்டை உருவி, முறுக்கி, வட்டமாச் சுத்தி அவ தலையில வச்சேன். உடற்பயிற்சிப் பந்து போட்டு வைக்குற நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒண்ணு கெடந்துச்சு. பந்தைத் தரையில கொட்டினேன். காலுல கட்டிப் பழகுற மணல் பை அலமாரியில அடுக்கி இருந்துச்சு, ரெண்டு கிலோ, மூணு கிலோன்னு எழுதி. ரெண்டு கிலோப் பை ரெண்டை எடுத்துப் பேசின்ல போட்டேன்.

"ஐயோ சேச்சி, எந்தா இது? டாக்டர் என்னைக் கொல்லும்"னா ஷிஜி. அப்பறம் அக்கா மூஞ்சியைப் பாத்தா. என்ன நினைச்சாளோ, இடுப்பு பெல்ட்டைப் பின்னால இருந்து கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டு, "ஞான் பின்னால உண்டு அம்மச்சி. பிடிக்க மாட்டேன், விழுந்தா மட்டும்தான்"னா.

நான் ஏத்தி விட்டேன்.

கழுத்து நிமிந்துச்சு. அவ்வளவுதான் மொதல்ல கண்டேன். பதினஞ்சு நாளா தொங்கிக்கிட்டுக் கெடந்த மூஞ்சி நேரா வந்துச்சு, கண்ணு தூரத்துல ஒரு எடத்தைப் பாத்துச்சு. இடுப்பு ஒரு தடவ ஆடி நின்னுச்சு. மொத அடி இழுத்துச்சு. ரெண்டாவதும் இழுத்துச்சு. மூணாவது அடியில இடது குதிகால் தரையில டொக்குன்னு ஊனிச்சு. முட்டி மடங்கல! "அப்படித்தான் யக்கா, அப்படித்தான், மூணாவது மாடிக்கு வார்ப்பு, கலவை காஞ்சிரும், வா"ன்னு கத்தினேன். அவ ஓரக்கண்ணால கூட என்னைப் பாக்கல. சுமை இருக்கும்போது எப்பவும் பாக்க மாட்டா.

மஞ்சள் டேப்பைத் தாண்டினா. மரப்படி அஞ்சும் ஏறினா, அஞ்சும் எறங்கினா. கைப்பிடியைத் தொடல.

டாக்டர் எழுந்துட்டாரு. "வெயிட் வச்சு நடக்கிறது இந்த டெஸ்ட்ல கிடையாதே"ன்னாரு.

"சார், அந்த ஃபார்ம்ல இல்லாதது இது ஒண்ணு மட்டுமா?"ன்னேன் நான்.

அவருக்குச் சுருக்குன்னு பட்டுச்சோ என்னமோ, கண்ணாடியைக் கழட்டிட்டு வந்து தரையில குந்தி உக்காந்து அவ பாதத்தைப் பாத்தாரு. பதினஞ்சு நாள்ல மொத தடவயா அவ காலைக் கிட்டத்துல பாக்காரு. இன்னொரு தடவ அடி எடுத்து வைக்கச் சொன்னாரு, வச்சா. ரத்த அழுத்தம் பாக்கச் சொன்னாரு, சரியா இருந்துச்சு. "இவங்களுக்கு மெஷின் வேண்டா. இதைச் சுமந்து பழகட்டும், பையப்பையக் கனத்தைக் குறைக்கலாம். வீட்டுக்குப் போகட்டும்"னு ஷிஜிகிட்டச் சொல்லிட்டு, ஃபைல்ல வீல்சேர்னு எழுதினதை அடிச்சாரு.

அக்கா நிக்கல. சுமையோட அப்படியே ஹாலைக் கடந்து வாசல் பக்கம் கவுன்டருக்கு நடந்தா. ஷிஜி பின்னாலயே போனா. அங்கதான் மகன் நின்னான், பக்கத்துல அவன் மேனேஜர். "அம்மா, எறக்குங்கம்மா"ன்னு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வந்தான்.

"தொடாதே"ன்னா. சத்தமாச் சொல்லல. "மொதல்ல நீ எழுதினதைத் திருத்து."

"அம்மா, இப்பவா?"

"இப்ப. நான் நிப்பேன். நாலு கிலோதான்."

நிப்பா, சாயங்காலம் வரைக்கும் நிப்பா. அது அவனுக்கும் தெரியும். கவுன்டர்ல ஃபைலைக் கேட்டு வாங்கி, மேனேஜர் பாத்துக்கிட்டு நிக்கவே, அடிச்சு எழுதினான். அக்காவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. "நீ வாசி பிள்ளே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி"ன்னா ஷிஜிகிட்ட. ஷிஜி வாசிச்சா. தொழில், கட்டடத்துல மைக்காட்டு வேலை. தலைச்சுமை, முப்பத்தெட்டு வருஷம்.

மேனேஜர் ஒண்ணும் நினைச்ச மாதிரி தெரியல. அவரோட அப்பாதான் வீல்சேர்ல இருந்து அக்காவையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

மகேஷ்குமாருக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. "அம்மா, ஹோம்ல வேண்டாம்னு இப்பவே போன் பண்ணிருதேன். நம்ம வீட்டுக்கே போலாம். குடுங்கம்மா"ன்னு மறுபடியும் ரெண்டு கையையும் பேசினுக்கு நேரா நீட்டினான். அவ அந்தக் கையைப் பாத்தா. கை நிதானம் இருக்கான்னு பாப்பாளே, அந்தப் பார்வை. பெறவு கழுத்தைத் திருப்பாம, கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டு வந்தா.

"இசக்கி, புடி"ன்னா.

நான் எறக்கினேன். அவன் கை நீட்டினது நீட்டின மாதிரியே நின்னுச்சு.